படம் நின்று நின்று வருகிறதா? முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்!

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெண் வாயைத் திறந்தபடியே சிலையாகிவிட்டாள். நடுவில் வெள்ளை வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. இந்தப் பக்கம் நாற்காலியில் என் மாமனார், வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'அஞ்சு' எப்போது வரும் என்று காத்திருந்தார். கை நடுங்கியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் கை தொப்பென்று மடியில் விழுந்தது.

"போதும்மா. நிறுத்திடு. நாளையிலேர்ந்து இதைப் போடவே வேண்டாம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் மாமனாருக்கு வயது 74. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில், காபி டம்ளரை எடுக்கப் போனவருக்குக் கை வரவில்லை. பக்கவாதம். நல்ல வேளையாக உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம், உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கைதான் சொன்னபடி கேட்க மறுத்தது.

பிசியோதெரபி டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறார். மற்ற ஐந்து நாளும், அவர்கள் யூடியூபில் போட்டு எங்களுக்கு இணைப்பு அனுப்பியிருக்கும் 25 நிமிஷப் படத்தைப் பார்த்து, கூடவே செய்ய வேண்டும். காலையில் ஒரு வேளை, மாலை ஆறரை மணிக்கு ஒரு வேளை. "திரும்பத் திரும்பச் செய்யறதுதாம்மா இதுக்கு மருந்து. இந்த முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். ஒரு வேளைகூட விடாதீங்க" என்று அந்த அம்மாள் ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விடாமல் செய்ய மாமா தயார். நாங்களும் தயார். நெட் அல்லவா தயாராக இல்லை!

"ஏன், நீயே பக்கத்தில் நின்று எண்ணக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிப் பார்த்தேன். மருமகள் எண்ண, மாமனார் கை தூக்குவது என்றால் அவருக்குச் சங்கோஜம். அந்த டாக்டரம்மா எண்ணினால் மட்டும், வகுப்பில் உட்கார்ந்த பையன் மாதிரி ஒழுங்காகச் செய்வார். செல்போனில் போட்டுக் காட்டினால் விரல் மடக்குவது கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். ஆகவே அவர் அறையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்தான் கதி.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் குடும்ப மாநாடு கூடியது.

"பிளானை மாத்திடலாம். இப்போ நாப்பது எம்.பி.; நூறுக்குப் போனா மாசம் முந்நூறு ரூபாய்தான் கூட" என்றார் என் கணவர்.

"பிளான் இல்லேப்பா. கம்ப்யூட்டரே 2013-ல வாங்கினது. புதுசு வாங்கினாத்தான் சரிப்படும்" என்றான் பிளஸ் ஒன் படிக்கிற என் பிள்ளை. அவனுக்கு அதில் வேறு ஆசைகளும் உண்டு!

"எல்லாம் கண் திருஷ்டி" என்றார் அத்தை.

நோய் என்னவென்று பார்க்காமலேயே ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? உடனே புதுக் கிணறா வெட்டுகிறோம்? மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, நடுவில் எந்த வால்வாவது மூடியிருக்கிறதா, குழாய் வாயில் தூசி அடைத்திருக்கிறதா என்று வரிசையாகத்தானே பார்க்கிறோம்? இதையும் அப்படியே பார்த்தால் என்ன என்று தோன்றியது. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை நான். ஆனால் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள்!

அண்டாவும் சொம்பும்

முதலில் இந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்று என் பிள்ளையைக் கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

படம் முழுவதும் ஒரே மூச்சில் நம் வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. சில விநாடிக்கு ஒரு துண்டு என்று, துண்டு துண்டாக வருகிறது. கம்ப்யூட்டர் அடுத்த சில துண்டுகளை முன்னாலேயே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. காலையில் முனிசிபாலிடித் தண்ணீர் குழாயிலிருந்து அண்டாவில் விழுகிறது. நாம் அண்டாவிலிருந்து சொம்பால் மொண்டு எடுக்கிறோம். அந்த மாதிரிதான். குழாயில் விழுகிற வேகத்தைவிட நாம் மொள்ளுகிற வேகம் அதிகமானால் என்ன ஆகும்? அண்டா காலி! மறுபடி கொஞ்சம் ரொம்பும் வரை சொம்பை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நிற்கிற நேரம்தான் வட்டம் சுற்றும் நேரம். இதைத்தான் 'பஃபரிங்' என்கிறார்கள்.

சரி, ஒரு படத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? யூடியூப் நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரணத் தெளிவான 480-க்கு விநாடிக்கு 1.1 மெகாபிட், 720-க்கு 2.5, நல்ல தெளிவான 1080-க்கு 5, பெரிய டி.வி.க்காரர்கள் பார்க்கிற 4கே-வுக்கு 20. பிளானில் நாப்பது, நூறு என்று சொல்வதும் இந்த மெகாபிட்தான். (இன்னொன்று, மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நாப்பது மெகாபிட் பிளானில் விநாடிக்கு 5 மெகாபைட் தான் இறங்கும். 'நாப்பது சொல்லிவிட்டு அஞ்சு தருகிறானே' என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்!)

நாங்கள் காசு கொடுப்பது 40-க்கு. வேண்டியது 5. பின் ஏன் அண்டா காலியாகிறது?

உடனடிக் கைவைத்தியம்

காரணம் தேடுவதற்கு முன் ஒரு கைவைத்தியம் உண்டு. படத்தின் கீழே வலப் பக்கம் பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அதைத் தட்டினால் 'குவாலிட்டி' என்று வரும். அதில் 'ஆட்டோ' என்று வைத்திருந்தால், தண்ணீர் குறையும்போது அதுவே சின்னச் சொம்பாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில், "தாத்தாவுக்கு நல்லாத் தெரியட்டும்" என்று பிள்ளையாண்டான் 1080-ல் பூட்டி வைத்திருந்தான். அதை 480-க்கு இறக்கினேன். படம் நிற்காமல் ஓடியது. ஆனால் விரல்கள் மங்கலாகிவிட்டன. கட்டை விரல் எந்த விரலைத் தொடுகிறது என்பதுதானே அந்தப் பயிற்சியே! செய்தி கேட்க, சமையல் குறிப்பு பார்க்க இது போதும். எங்களுக்குப் போதவில்லை.

இரண்டாவது கைவைத்தியம், நெட் பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, மறுபடி போடுவது. அது விழித்தெழ இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடுகிற பெட்டிக்கு இது பல சமயம் நல்லது செய்யும். ஆனால் பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் மட்டும் எதையும் விட்டு அழுத்தாதீர்கள். செய்து வைத்திருக்கிற ஏற்பாடெல்லாம் அழிந்து போய், ஆளைக் கூப்பிட வேண்டி வரும்.

அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வியாதி அதற்கு மசியவில்லை.

"ஒண்ணை மாத்து, எழுது!"

மறுநாள் காலையில் மாமாவிடம் போய், "மாமா, நெட் எங்கே குறையுதுன்னு கண்டுபிடிக்கப் போறேன். நீங்கதான் கணக்குப் பார்த்துச் சொல்லணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "ஒரே சமயத்திலே ரெண்டை மாத்தாதே. அப்புறம் எதனாலே சரியாச்சுன்னு தெரியாது. ஒண்ணை மாத்து, அளந்து பாரு, எழுது. பிறகு அடுத்தது" என்றார்.

பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு பென்சிலைத் தேடினேன். "கொடு இப்படி. நான் எழுதறேன்" என்று வலது கையை நீட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கையில் வைத்தேன்.

வேகத்தை அளப்பது சுலபம். 'ஃபாஸ்ட் டாட் காம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் நடத்துவது. திறந்ததும் தானாகவே அளந்து எண்ணைக் காட்டும். காசு கிடையாது. ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாமல், மூன்று தடவை பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும. கும்பகோணத்துப் பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடும். தெருவிலிருந்து வருகிற கம்பி ரேழியில் நுழைகிறது. நெட் பெட்டியும் அங்கேயே, இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மாமாவின் அறை இரண்டாம் கட்டில்.

பிள்ளையின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரேழியில், பெட்டியோடு ஒயரால் நேராக இணைத்து அளந்தேன். 38. கூடத்தில் ஒயர் இல்லாமல் வைஃபையில் 14. மாமாவின் அறையில் 4. அதே இடத்தில் மாமாவின் கம்ப்யூட்டரில் அளந்தால் 2!

ஒவ்வொரு எண்ணாக நான் கூவ, மாமா எழுதினார். '38' என்று எழுத ஒரு நிமிஷம் ஆயிற்று. எட்டு என்பது டைரியில் மூன்று வரியை அடைத்துக்கொண்டு கோணலாக உட்கார்ந்தது. ஆனால் எழுதிவிட்டார்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "தெருவிலேர்ந்து முப்பத்தெட்டு வருது. என் ரூமுக்கு ரெண்டுதான் வருது. மிச்சம் முப்பத்தாறு எங்கே போச்சு? வீட்டுக்குள்ளேதான் போச்சு! அவனை நூறு பிளான் போடச் சொன்னியானா, அந்த நூறும் ரேழியிலேயேதான் நிக்கும்."

இதுதான் சகோதரிகளே, இந்தக் கட்டுரையின் சாரம். செலவு செய்வதற்கு முன் இந்த ஓர் அளவை எடுங்கள். பெட்டியோடு நேராக இணைத்து அளந்தால் எவ்வளவு, படம் பார்க்கிற இடத்தில் எவ்வளவு? முதல் எண்ணே குறைவாக இருந்தால், நெட் கொடுத்தவரிடம் கேளுங்கள். முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது குறைந்தால், கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த வைஃபை

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதை மறிக்கும். கனமான சுவர் அதை விழுங்கும். தண்ணீரும் விழுங்கும், மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். எங்கள் பெட்டிக்கு முன்னால் இரும்பு பீரோ, அதற்கப்புறம் ஒன்றரை அடிக் கனத்தில் இரண்டு பழங்காலச் சுவர்கள். அலை பாவம், எப்படித்தான் போகும்?

நெட் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு, கூடத்தில் ஆள் உயரத்தில் இருக்கிற மரப் பலகைக்குப் பெட்டியை மாற்றச் சொன்னேன். இதை நாமே இழுத்து மாற்றக் கூடாது. ஃபைபர் கம்பிக்குள் இருப்பது முடியளவு கண்ணாடி இழை. சட்டென்று மடக்கினால் உடைந்துவிடும்.

வந்த தம்பி இன்னொன்றும் சொன்னான். "அக்கா, இதுல ரெண்டு அலை வருது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா சுவர் தாண்டினா சோர்ந்துடும். 2.4 வேகம் கம்மி, ஆனா தூரம் போகும். உங்க பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற வைஃபை குச்சிக்கு 2.4 மட்டும்தான் தெரியும்." அந்தக் குச்சியோ, தரையில் வைத்த இரும்புப் பெட்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்துச் செருகியிருந்தது. எடுத்து முன்பக்கத் துளையில் மாற்றினான்.

நான் நடுவில் மறந்துவிடாமல், பெட்டியை மாற்றியதும் ஒரு தடவை அளந்தேன்: 6. குச்சியை மாற்றியதும் மறுபடி: 9. ஒரு பைசா செலவில்லை. காலைப் பயிற்சி 1080-ல், பளிச்சென்று, நிற்காமல் ஓடியது. மாமா பத்து வரை எண்ணி முடித்தார்.

அப்பாடா என்று இருந்தேன். மாலை ஆறரைக்கு மறுபடியும் "மூணு... நாலு..." வட்டம்!

ஆறரை மணி மர்மம்

மாமா இந்தத் தடவை சோர்ந்து போகவில்லை. வாத்தியார் விழித்துக்கொண்டுவிட்டார். "காலையிலே நிக்கலே. சாயங்காலம் நிக்கறது. அப்போ சாயங்காலம் மட்டும் நடக்கற சமாசாரம் என்ன? அதைக் கண்டுபிடி" என்றார்.

மறுநாள் ஆறரைக்கு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். அத்தை அடுத்த அறையில், மைக்ரோவேவ் அடுப்பில் பாலைச் சுட வைத்தார். அளந்தேன். 9 என்பது ஒன்றாக விழுந்தது! அடுப்பு 'டிங்' என்று நின்றதும் மறுபடி 9.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற அலையும், 2.4 வைஃபையும் கிட்டத்தட்ட ஒரே இடத்து அலைகள். நல்ல நிலையில் உள்ள அடுப்பிலிருந்து வெளியே கசிவது மிகமிகக் கொஞ்சம். அதனால் நமக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சுவர் தாண்டிச் சோர்ந்து வருகிற வைஃபையின் குரலை அமுக்க அந்தக் கொஞ்சமே போதும். 'கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ரகசியம் பேசுகிற மாதிரி' என்று அத்தையிடம் சொன்னேன். "அதுக்கென்ன, ஆறு மணிக்கே காய்ச்சிட்டாப் போச்சு" என்றார்.

ஆனால் பால் சுடுவது இரண்டே நிமிஷம். படம் தடுமாறுவதோ அரை மணி. வேறு யாரோ இருக்கிறார்கள்!

பிள்ளை ஒரு யோசனை சொன்னான். மறுநாள் படம் நின்றதும், வீட்டில் இருக்கிற செல்போன்களில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துக்கொண்டே வந்தோம். என்னுடையது... மாற்றமில்லை. அத்தையுடையது... மாற்றமில்லை. கடைசியாக, அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தவருடையதை அணைத்தான். படம் ஓட ஆரம்பித்தது!

"அம்மா! அப்பா போன்தாம்மா!"

என் கணவர் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவர். நாள் பூரா வேலை நடப்பதைப் போட்டோவும் வீடியோவுமாக எடுத்துத் தள்ளுவார். ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய போன் வீட்டு வைஃபையைப் பிடித்து, அன்றைய படங்கள் அத்தனையையும் தானாகவே நெட்டில் ஏற்றிச் சேமிக்க ஆரம்பித்துவிடுகிறது.

"ஏத்தறதுதானே? இறங்கறதுக்கு அது என்ன பண்ணும்?" என்று அவர் வக்கீல் மாதிரி வாதாடினார். நானும் அதையேதான் கேட்டேன். விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டுக்கும் 'அடுத்ததை அனுப்பு' என்று வெளியே கடிதாசி போட வேண்டும். வந்ததை 'கிடைத்தது' என்று சொல்லவும் வேண்டும். வெளியே போகிற வாசலை இவருடைய போட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றால், அந்தச் சின்னக் கடிதாசி வரிசையில் நின்று தவிக்கிறது. கேட்காமல் துண்டு எப்படி வரும்?

பிளானை மாற்றச் சொன்னவரே குற்றவாளி என்று ஆனதும் வீட்டில் ஒரே சிரிப்பு. போனில் அந்தத் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி, ராத்திரி படுக்கும்போது அவரே போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

உங்கள் வீட்டில் குற்றவாளி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' என்று ஒரு பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க்' என்ற பத்தியைப் பாருங்கள். எது நெட்டை அதிகமாகக் குடிக்கிறது என்று தெரியும். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதோ, பிள்ளைகளின் விளையாட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருப்பதோ, யாரோ போட்டு மறந்த வி.பி.என்.னோ தென்படும். புதுப்பிப்பதை நிறுத்திவிடாதீர்கள், அது பாதுகாப்புக்கு வேண்டும். ராத்திரிக்குத் தள்ளி வையுங்கள், போதும்.

ஒரே ஒரு செலவு

இருந்தாலும் எனக்குப் பயம். நாளைக்கு விருந்தாளி வந்து வேறு ஒரு போன் சேர்ந்தால்? அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் மோதிக்கொண்டால்? அதனால் கூடத்துப் பெட்டியிலிருந்து மாமாவின் கம்ப்யூட்டர் வரை ஒரு ஒயரே இழுத்துவிட்டோம். லேன் கேபிள் என்று கேட்க வேண்டும். 'கேட் 5ஈ' அல்லது 'கேட் 6' என்று அதன்மேல் அச்சடித்திருக்கும். நூறு மீட்டர் வரை தாராளமாக ஓட்டலாம். எங்களுக்குப் பதினைந்து மீட்டர் போதுமானதாக இருந்தது. ஆள் கூலியோடு 850 ரூபாய்.

அளந்தோம். 37!

"மாசம் முந்நூறுன்னா வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு. இது எண்ணூத்தம்பது, ஒரே தடவை" என்று மாமா டைரியில் கணக்கை எழுதி என் கணவரிடம் காட்டினார்.

கம்ப்யூட்டரை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு, ஒயர் மாதிரி நம்பகமான வழி வேறு இல்லை.

வட்டமா, வெட்டா?

இனி சுபம் என்று முடிக்கலாம் என்றால், இன்னும் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. வட்டம் சுற்றுவது அடியோடு போய்விட்டது. ஆனால் சில சமயம் படம் வெட்டி வெட்டிப் போயிற்று. கை ஒரேயடியாகத் தாவுகிறது. குரல் மட்டும் சீராக வருகிறது.

இந்த இரண்டும் வேறு வேறு வியாதி. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யூடியூப் படத்தின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால், 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று கடைசியில் வரும். அதைத் தட்டினால் நிறைய எண்கள் வரும், பயப்படாதீர்கள். இரண்டை மட்டும் பாருங்கள். 'பஃபர் ஹெல்த்' என்பது அண்டாவில் எத்தனை விநாடிக்குத் தண்ணீர் இருக்கிறது என்பது. அது பூஜ்யத்துக்கு வந்தால் நெட் கோளாறு. அது முப்பது, நாற்பது என்று நிறைய இருந்தும் படம் வெட்டினால், 'டிராப்டு ஃபிரேம்ஸ்' என்ற எண் ஏறிக்கொண்டே போனால், அண்டா நிறைய இருக்கிறது, மொள்ளுகிற கைக்குத்தான் தெம்பில்லை என்று அர்த்தம். அதாவது கம்ப்யூட்டர் கோளாறு.

படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். பிரித்துக் காட்ட வேண்டியது கம்ப்யூட்டரின் வேலை. இப்போதைய சுருக்கும் முறைகளைப் பிரிக்கப் புதிய கம்ப்யூட்டர்களில் தனிச் சில்லு இருக்கிறது. பழையதில் அது இல்லாததால், எல்லா வேலையும் நடு மூளையின் தலையிலேயே விழுகிறது. கூட இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்!

வேண்டாத பக்கங்களை மூடினோம். பிரௌசரைப் புதுப்பித்தோம். அதன் செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' அணைந்து கிடந்ததைப் போட்டோம். மூடியைக் கழற்றி, காற்றாடியில் அப்பியிருந்த பத்து வருஷத்துத் தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தோம் (மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான்!). படத்தை 720-ல் வைத்தோம். விரல் நன்றாகவே தெரிகிறது. வெட்டு நின்றது.

புதுக் கம்ப்யூட்டர் இப்போதைக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் இருக்கிற விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அந்த நிறுவனம் முடித்துக்கொண்டது. அதில் பாங்க் வேலை எதுவும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அது பாதுகாப்புக் கணக்கு. படம் நிற்கிற கணக்கு அல்ல.

ஒரு பார்வையில்...

1. 'குவாலிட்டி'யை ஆட்டோவில் அல்லது 480-ல் வைத்துப் பாருங்கள்.

2. நெட் பெட்டியை அரை நிமிஷம் அணைத்துப் போடுங்கள்.

3. பெட்டியோடு ஒயரில் இணைத்து ஒரு தடவை, படம் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை வேகத்தை அளங்கள்.

4. பெட்டி திறந்த இடத்தில், உயரத்தில் இருக்கட்டும். பீரோ, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், மீன் தொட்டி பக்கத்தில் வேண்டாம்.

5. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நின்றால், அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார், எது நெட்டை இழுக்கிறது என்று பாருங்கள்.

6. ஒயரில் அளந்தும் மாலையில் மட்டும் குறைந்தால், அது தெருவில் நெரிசல். தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி வைத்து நெட் கொடுத்தவரிடம் காட்டுங்கள். மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால், பிளானில் இத்தனை ஜி.பி.க்கு மேல் வேகம் குறையும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட்டாவது கிடைத்தால்தான் அதற்கு 'பிராட்பேண்ட்' என்று பெயர் என 2023-ல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

7. முடிந்தால் ஒயர் இழுங்கள்.

8. வட்டம் இல்லாமல் வெட்டி வெட்டி வந்தால், கம்ப்யூட்டரைக் கவனியுங்கள்.

9. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எழுதி வையுங்கள்.

இந்த ஒன்பதாவது, என் மாமனார் சேர்க்கச் சொன்னது.

போன வாரம் பிசியோதெரபி டாக்டரம்மா வந்தபோது மேஜை மேல் இருந்த டைரியைப் புரட்டினார். முதல் பக்கத்தில் மூன்று வரிக்குப் பரவிக் கிடந்த '38'. பிறகு 14, 4, 2, 6, 9... கடைசிப் பக்கத்தில் '37'. அது இரண்டு கோட்டுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"யார் எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான். வலது கையாலே" என்றார் மாமா.

"நான் சொல்லாத பயிற்சியா இருக்கே! விடாதீங்க சார், தினம் எழுதுங்க" என்றார் அந்த அம்மாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பால் கணக்கு, காய்கறிக் கணக்கெல்லாம் மாமாவின் கையெழுத்தில். மாலை ஆறரைக்குக் கூடத்தில் இருந்தபடியே எனக்குக் கேட்கிறது: "ஏழு... எட்டு... ஒம்பது..." டாக்டரம்மா சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே மாமா சொல்லிவிடுகிறார், "பத்து!"